கடும் நோயுற்றோரில் சிறுநீரகச் செயற்பாட்டை அளவிடல்

கடும் நோயுற்றோரில் சிறுநீரகச் செயற்பாட்டை அளவிடல் என்பது தீவிர சிகிச்சைப் பிரிவில் உள்ளோர், புற்றுநோய், கல்லீரல் இழைநார் வளர்ச்சி, காசநோய் போன்றவற்றால் உடல் மெலிந்தோர், பாம்புக்கடி, நச்சு, வெப்பத் தாக்கம் ஆகியவற்றால் திடீரெனப் பாதிக்கப்பட்டோர் ஆகியோரின் சிறுநீரகங்கள் எந்த அளவுக்கு வேலை செய்கின்றன என்பதைக் கண்டறியும் மருத்துவ முறைகளின் தொகுப்பாகும். நலமாக உள்ள ஒருவருக்கு ஒரே ஒரு குருதிச் சோதனை பெரும்பாலும் போதுமானது. கடும் நோயுற்றவரிடத்தில் அதே சோதனை தவறான எண்ணைத் தரக்கூடும். மருந்தின் அளவு, குருதிச் சுத்திகரிப்பு (டயாலிசிஸ்) தொடங்கும் நேரம், பெரிய மருத்துவமனைக்கு மாற்றும் முடிவு ஆகியவை அந்த எண்ணைச் சார்ந்துள்ளதால், பிழை உயிருக்கே ஊறு விளைவிக்கலாம்.

தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டம் போன்ற வேளாண்மையும் கனரகத் தொழிலும் கலந்துள்ள பகுதிகளில் இச்சிக்கலின் பல வடிவங்களை ஒருங்கே காணலாம். இக்கட்டுரை அளவிடும் முறைகளையும், அவை பிழைபடும் இடங்களையும், அப்பகுதியின் சூழலையும் விளக்குகிறது.

அளவிடப்படுவது எது?

சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகு கலன்கோளம் எனப்படும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து இலட்சம் கலன்கோளங்கள் உள்ளன. இவை அனைத்தும் சேர்ந்து ஒரு நிமிடத்தில் வடிகட்டும் நீர்மத்தின் அளவே கலன்கோள வடிகட்டல் வீதம் ஆகும். மருத்துவமனைகளில் இது ஜி.எஃப்.ஆர். என்றே வழங்கப்படுகிறது. நலமான இளம் வயதினரில் இது நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 முதல் 120 மில்லிலிட்டர் வரை இருக்கும். வயது ஏற ஏற இது குறையும். ஆட்களிடையே ஒப்பிடுவதற்காக இவ்வீதம் 1.73 சதுர மீட்டர் உடற்பரப்பிற்கு ஈடாக மாற்றிக் கூறப்படுவது வழக்கம்.

இவ்வீதத்தை நேரடியாகப் பார்க்க இயலாது. குருதியிலுள்ள ஏதேனும் ஒரு பொருள் எவ்வளவு விரைவாக நீக்கப்படுகிறது என்பதிலிருந்தே அதை அறிய முடியும். அப்பொருள் தடையின்றி வடிகட்டப்பட வேண்டும். நுண்குழாய்களால் உறிஞ்சப்படவோ சுரக்கப்படவோ கூடாது. உடலில் வேறு வழியாக வெளியேறவும் கூடாது. இந்நிபந்தனைகளுக்கு மிக நெருக்கமான பொருள் இனுலின் என்னும் தாவர மாவுப்பொருள் ஆகும். ஆயினும் அதனைத் தொடர்ந்து நரம்பு வழியே செலுத்த வேண்டியிருப்பதால் ஆய்வுகளுக்கு வெளியே அது அரிதாகவே பயன்படுகிறது.

வரலாறு

1886இல் செருமானிய மருத்துவரும் வேதியியலாளருமான மேக்ஸ் யாஃபே, கிரியேட்டினின் காரநிலையில் பிக்ரிக் அமிலத்துடன் சேர்ந்து செம்மஞ்சள் நிறம் தருவதைக் கண்டறிந்தார். இந்த வேதிவினையை அடிப்படையாகக் கொண்ட சோதனை இன்றும் உலகின் பல ஆய்வகங்களில் பயன்பாட்டில் உள்ளது. 1926இல் டென்மார்க்கைச் சேர்ந்த ரேபர்க் கிரியேட்டினினைக் கொண்டு வடிகட்டலை அளந்தார். 1930களில் ஓமர் சுமித் முதலானோர் இனுலின் வெளியேற்ற முறையை நிலைநாட்டினர்.

1976இல் காக்கிராஃப்ட், கால்ட் ஆகியோர் வயது, எடை, கிரியேட்டினின் ஆகிய மூன்றையும் கொண்டு சிறுநீர் சேகரிக்காமலேயே கணக்கிடும் எளிய வாய்பாட்டை வெளியிட்டனர். 1999இல் எம்.டி.ஆர்.டி. வாய்பாடும், 2009இல் சி.கே.டி.-எப்பி வாய்பாடும் வெளிவந்தன. 2012இல் சிசுட்டாட்டின் சி என்ற புரதத்தைச் சேர்த்த வாய்பாடுகள் வந்தன. 2021இல் இனத்தைக் குறிக்கும் காரணி நீக்கப்பட்ட புதிய சி.கே.டி.-எப்பி வாய்பாடு அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. இவ்வாய்பாடுகள் அனைத்தும் பெரும்பாலும் நிலையான உடல்நிலை கொண்டோரிடம் உருவாக்கப்பட்டவை என்பது குறிப்பிடத்தக்கது.

கிரியேட்டினின்

கிரியேட்டினின் தசைகளில் நாள்தோறும் ஏறக்குறைய சீரான அளவில் உண்டாகும் கழிவுப்பொருள் ஆகும். இந்திய ஆய்வகங்களில் இது டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றும், இலங்கை, ஐரோப்பா முதலிய இடங்களில் லிட்டருக்கு இத்தனை மைக்ரோமோல் என்றும் குறிக்கப்படுகிறது. 1 மி.கி./டெ.லி. என்பது 88.4 மைக்ரோமோல்/லிட்டருக்குச் சமம்.

குருதியில் கிரியேட்டினின் அளவு இரண்டு செயல்களின் சமநிலையைக் காட்டுகிறது. ஒன்று தசையில் உண்டாகும் வீதம். மற்றொன்று சிறுநீரகம் நீக்கும் வீதம். வாய்பாடுகள் முதலாவதை வயது, பால் ஆகியவற்றிலிருந்து ஊகித்துக்கொண்டு இரண்டாவதைக் கணக்கிடுகின்றன. கடும் நோயில் இந்த ஊகமே முதலில் உடைகிறது.

தசை மெலிவு

நீண்ட நாள் படுக்கையில் இருப்போர், புற்றுநோயாளர், காசநோயாளர், கை கால் இழந்தோர், பக்கவாதமுற்றோர் ஆகியோரின் தசை குறைவாக இருக்கும். எனவே அவர்களிடம் கிரியேட்டினின் உற்பத்தியும் குறைவு. சிறுநீரகம் பாதி கெட்டிருந்தாலும் சோதனை முடிவு இயல்பான எல்லைக்குள்ளேயே இருக்கலாம்.

எடுத்துக்காட்டாக 60 வயதும், 40 கிலோகிராம் எடையும், 150 செ.மீ. உயரமும் உடைய ஒரு பெண்ணின் கிரியேட்டினின் 0.9 மி.கி./டெ.லி. எனக் கொள்வோம். ஆய்வக அறிக்கையில் இது இயல்பானது என்றே இருக்கும். இதே எண்ணிலிருந்து மூன்று வேறு விடைகள் கிடைக்கின்றன.

- 2021ஆம் ஆண்டின் சி.கே.டி.-எப்பி வாய்பாட்டின்படி: 1.73 சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 73 மி.லி./நிமிடம்.
- அதனை அவருடைய உண்மையான உடற்பரப்பிற்கு (ஏறத்தாழ 1.29 சதுர மீட்டர்) மாற்றினால்: ஏறத்தாழ 54 மி.லி./நிமிடம்.
- காக்கிராஃப்ட்-கால்ட் வாய்பாட்டின்படி: (140 - 60) × 40 ÷ (72 × 0.9) × 0.85 = ஏறத்தாழ 42 மி.லி./நிமிடம்.

மருந்தளவைத் தீர்மானிக்கும்போது 73க்கும் 42க்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. சிறிய உடலமைப்புக் கொண்டோருக்கு மருந்தளவைக் கணிக்கும்போது 1.73 சதுர மீட்டருக்கு மாற்றப்பட்ட எண்ணை அப்படியே பயன்படுத்தக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

நிலையற்ற நிலை

வாய்பாடுகள் அனைத்தும் கிரியேட்டினின் அளவு நிலையாக இருப்பதாகக் கருதுகின்றன. 50 கிலோகிராம் எடையுள்ள ஒருவரின் உடல்நீர் ஏறத்தாழ 30 லிட்டர் ஆகும். வடிகட்டல் வீதம் 100 மி.லி./நிமிடம் எனில் குருதியிலுள்ள கிரியேட்டினின் பாதியாகக் குறைய ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் ஆகும். வீதம் 20ஆகக் குறைந்தால் அதே அளவு குறைய 17 மணி நேரத்திற்கு மேல் ஆகும். புதிய சமநிலையை அடைய இதைப்போல் மூன்று நான்கு மடங்கு காலம், அதாவது இரண்டு மூன்று நாட்கள் தேவை.

ஆகவே சிறுநீரகங்கள் இன்று காலையில் முற்றிலும் நின்றுவிட்டாலும் இன்று மாலை எடுக்கும் குருதியில் கிரியேட்டினின் சற்றே உயர்ந்திருக்கும். அந்த எண்ணை வாய்பாட்டில் இட்டால் 60 அல்லது 70 என்ற விடை வரலாம். உண்மையான வீதமோ சுழியத்தை ஒட்டியிருக்கும். நோய் தணியும்போது இது தலைகீழாகும். சிறுநீரகம் மீண்ட பிறகும் எண் சில நாட்கள் உயர்வாகவே காணப்படும். இதனால் அடுத்தடுத்த அளவீடுகளின் மாற்ற வேகத்தைக் கணக்கில் கொள்ளும் இயக்கநிலைக் கணிப்பு முறையொன்று 2013இல் முன்வைக்கப்பட்டது.

நீர்த்தல்

குருதி அழுத்தம் வீழ்ந்தோருக்குப் பல லிட்டர் சலைன் செலுத்தப்படுகிறது. இது கிரியேட்டினினை நீர்த்துப்போகச் செய்கிறது. இதற்கான எளிய திருத்தம் பின்வருமாறு:

திருத்திய கிரியேட்டினின் = அளந்த கிரியேட்டினின் × (1 + உடலில் தங்கிய நீர் ÷ உடல்நீர்)

மேற்கூறிய 50 கிலோகிராம் எடையுள்ளவரின் உடலில் 6 லிட்டர் கூடுதலாகத் தங்கியிருந்தால் 1.0 என்ற அளவீடு உண்மையில் 1.2 ஆகும். அவருடைய நோய்க்கு முந்தைய அளவு 0.8 எனில், இத்திருத்தம் இல்லாமல் பாதிப்பு தொடங்கியது கண்ணில் படாமலே போய்விடும்.

ஆய்வகக் குறுக்கீடுகள்

யாஃபே வினையில் கிரியேட்டினின் அல்லாத சில பொருட்களும் நிறம் தருகின்றன. நீரிழிவு கீட்டோன் மிகைப்பின்போது உண்டாகும் அசிட்டோஅசிட்டேட்டும், சில செஃபலோசுப்போரின் வகை மருந்துகளும் முடிவை உயர்த்திக் காட்டும். மஞ்சள் காமாலையில் மிகும் பிலிரூபின் முடிவைத் தாழ்த்திக் காட்டும். நொதி முறையில் இக்குறுக்கீடுகள் குறைவு. ஆயினும் டோபமின், டோபுட்டமின் மருந்துகள் செல்லும் குழாயிலிருந்து குருதி எடுத்தால் முடிவு பொய்யாகக் குறையலாம். இரு முறைகளுக்கும் பொதுவான தரநிலையாக்கம் ஓரிடத்தனிம நீர்த்தல் நிறைமாலை முறையைக் கொண்டு செய்யப்படுகிறது.

டிரைமெத்தோபிரிம், சிமெட்டிடின் போன்ற மருந்துகள் நுண்குழாய் வழியாகக் கிரியேட்டினின் சுரப்பதைத் தடுக்கின்றன. அப்போது வடிகட்டல் மாறாமலேயே எண் உயரும். இதனைச் சிறுநீரகப் பாதிப்பு எனக் கொண்டு தேவையான மருந்தை நிறுத்திவிடும் வாய்ப்பு உண்டு.

பிற முறைகள்

சிறுநீர் வெளியேற்ற அளவீடு

சிறுநீர்க்குழாய் பொருத்தப்பட்ட நோயாளியிடம் இது எளிதில் செய்யத்தக்கது. குறித்த நேரத்தில் சேர்ந்த சிறுநீர் முழுவதும் அளக்கப்பட்டு, அதிலும் குருதியிலும் உள்ள கிரியேட்டினின் கண்டறியப்படுகிறது.

வெளியேற்றம் = சிறுநீர்க் கிரியேட்டினின் × ஒரு நிமிடச் சிறுநீர் அளவு ÷ குருதிக் கிரியேட்டினின்

4 மணி நேரத்தில் 240 மி.லி. சிறுநீர் சேர்ந்து, அதில் கிரியேட்டினின் 45 மி.கி./டெ.லி., குருதியில் 0.9 மி.கி./டெ.லி. எனில் வெளியேற்றம் 45 × 1 ÷ 0.9 = 50 மி.லி./நிமிடம் ஆகும். இம்முறையில் தசையின் அளவை ஊகிக்க வேண்டியதில்லை என்பது இதன் சிறப்பு. விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஆயினும் சேகரிப்பு நேரத்தைச் சரியாகக் குறிக்கத் தவறினாலோ, சிறுநீரில் ஒரு பகுதி கொட்டப்பட்டாலோ விடை பயனற்றுப்போகும். நுண்குழாய்கள் சிறிதளவு கிரியேட்டினினைச் சுரப்பதால் இம்முறை உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும். செயற்பாடு மிகக் குறைந்தவர்களிடம் யூரியா வெளியேற்றமும் கிரியேட்டினின் வெளியேற்றமும் அளக்கப்பட்டு இரண்டின் சராசரி கொள்ளப்படுவதுண்டு. யூரியா குறைத்துக் காட்டுவதும் கிரியேட்டினின் கூட்டிக் காட்டுவதும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன.

சிசுட்டாட்டின் சி

இது உடலின் கருவுள்ள உயிரணுக்கள் அனைத்திலும் உண்டாகும் சிறிய புரதம் ஆகும். 1985இல் சுவீடனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதனைச் சிறுநீரகச் செயற்பாட்டின் அடையாளமாக முன்வைத்தனர். தசையின் அளவையும் புலால் உணவையும் இது அதிகம் சாராததால் மெலிந்த நோயாளிகளுக்கு ஏற்றது. ஆயினும் சிடீராய்டு மருந்துகள், தைராய்டுக் கோளாறு, அழற்சி, உடற்பருமன், புகைப்பழக்கம் ஆகியவை இதன் அளவை மாற்றும். 2024ஆம் ஆண்டின் கே.டி.ஐ.ஜி.ஓ. வழிகாட்டுதல், கிரியேட்டினினை மட்டும் நம்ப இயலாத இடங்களில் இரண்டையும் சேர்த்துக் கணிக்கும் வாய்பாட்டைப் பரிந்துரைக்கிறது. கிரியேட்டினின் சோதனையைவிட இதன் செலவு பன்மடங்கு ஆகும்; எல்லா ஆய்வகங்களிலும் இது செய்யப்படுவதில்லை.

புறப்பொருள் முறைகள்

அயோஎக்சால் என்பது எக்சு-கதிர்ப் படமெடுப்பில் பயன்படும் அயோடின் அடங்கிய பொருள் ஆகும். இதன் சிறிய அளவை ஊசி மூலம் செலுத்தி, சில மணி நேரம் கழித்துக் குருதி மாதிரிகள் எடுத்து, அது மறையும் வேகத்திலிருந்து வீதத்தைக் கணக்கிடலாம். டெக்னீசியம்-99எம் இணைந்த டி.டி.பி.ஏ. என்ற கதிரியக்கப் பொருளைக் கொண்டும் அளக்கலாம். இந்திய மருத்துவமனைகளில் சிறுநீரகக் கொடையாளர்களைத் தேர்வு செய்யும்போது இம்முறை பரவலாகப் பயன்படுகிறது. வயிற்றில் நீர் தேங்கியோரிடமும் உடல் வீங்கியோரிடமும் செலுத்திய பொருள் அந்த நீருக்குள் மெல்லப் பரவுவதால், 24 மணி நேரம் வரை பிந்திய மாதிரிகள் தேவைப்படுகின்றன. அவ்வாறு எடுக்காவிடில் வீதம் உண்மையைவிட அதிகமாகத் தோன்றும்.

சிறுநீர் அளவும் பிறவும்

மணிக்கு எத்தனை மில்லிலிட்டர் சிறுநீர் கழிகிறது என்பதைக் குறித்து வருவது மிகப் பழைய முறையாகும். இன்றும் அதன் மதிப்புக் குறையவில்லை. 2013இல் விவரிக்கப்பட்ட ஃபுரோசமைடு சோதனையில், உடல் எடையின் ஒரு கிலோகிராமுக்கு 1.0 மி.கி. (முன்பே இம்மருந்தைப் பெற்றோருக்கு 1.5 மி.கி.) ஊசியாகச் செலுத்தப்படுகிறது. அடுத்த இரண்டு மணி நேரத்தில் 200 மி.லி.க்கும் குறைவாகச் சிறுநீர் கழிந்தால் பாதிப்பு முற்றும் வாய்ப்பு அதிகம் எனக் கொள்ளப்படுகிறது. உடலில் நீர் வற்றியிருப்போருக்கு இச்சோதனை செய்யப்படுவதில்லை. நுண்குழாய்க் காயத்தைக் காட்டும் என்கால் முதலிய புரதங்களும் ஆராயப்பட்டுள்ளன; இவை காயத்தைக் காட்டுகின்றனவேயன்றி வடிகட்டல் வீதத்தை அளப்பதில்லை.

திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பின் படிநிலைகள்

கடும் நோயில் துல்லியமான வீதத்தைவிட மாற்றத்தின் அளவே விரைவில் கிடைக்கும் செய்தியாகும். 2012இல் வெளியான கே.டி.ஐ.ஜி.ஓ. வரையறை பின்வருமாறு:

- படிநிலை 1: கிரியேட்டினின் 48 மணி நேரத்தில் 0.3 மி.கி./டெ.லி. அல்லது அதற்கு மேல் உயர்தல். அல்லது ஏழு நாட்களுக்குள் 1.5 முதல் 1.9 மடங்கு ஆதல். அல்லது சிறுநீர் மணிக்குக் கிலோகிராமுக்கு 0.5 மி.லி.க்கும் குறைவாக 6 முதல் 12 மணி நேரம் இருத்தல்.
- படிநிலை 2: 2.0 முதல் 2.9 மடங்கு ஆதல். அல்லது அதே குறைந்த சிறுநீர் அளவு 12 மணி நேரமோ அதற்கு மேலோ நீடித்தல்.
- படிநிலை 3: 3 மடங்கு ஆதல், அல்லது 4.0 மி.கி./டெ.லி. எட்டுதல், அல்லது குருதிச் சுத்திகரிப்புத் தொடங்கப்படுதல், அல்லது சிறுநீர் மணிக்குக் கிலோகிராமுக்கு 0.3 மி.லி.க்கும் குறைவாக 24 மணி நேரம் இருத்தல். அல்லது 12 மணி நேரம் முற்றிலும் நின்றுபோதல்.

50 கிலோகிராம் எடையுள்ளவருக்கு முதல் எல்லை மணிக்கு 25 மி.லி. ஆகும். ஆய்வக வசதி இல்லாத இடத்திலும் அளவு குறிக்கப்பட்ட ஒரு பையும் கடிகாரமும் இருந்தால் இதனைக் கண்டறியலாம்.

படிநிலை உயர்ந்தவுடன் குருதிச் சுத்திகரிப்பைத் தொடங்கிவிட வேண்டும் என்பதில்லை. 2020இல் வெளியான இசுடார்ட்-ஏ.கே.ஐ. என்ற பன்னாட்டு ஆய்வில், அவசரக் காரணம் இல்லாதபோது முன்கூட்டியே தொடங்குவதால் 90 நாட்களில் இறப்புக் குறையவில்லை எனக் கண்டறியப்பட்டது. பொட்டாசிய மிகைப்பு, அமிலத்தன்மை, நுரையீரலில் நீர் தேங்கல் ஆகியவையே முடிவைத் தீர்மானிக்கின்றன.

மருந்தளவில் ஏற்படும் விளைவுகள்

அமிக்காசின், வேங்கோமைசின், கொலிசுட்டின் முதலிய நுண்ணுயிர்க்கொல்லிகள் சிறுநீரகம் வழியே வெளியேறுவதுடன் அதற்கே கேடும் செய்பவை. செயற்பாட்டை மிகையாக மதிப்பிட்டால் மருந்து உடலில் தேங்கிச் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். அமிக்காசின் செவித்திறனையும் போக்கக்கூடும்.

புற்றுநோய்க்கான கார்போபிளாட்டின் மருந்தின் அளவு, 1989இல் வெளியான கால்வர்ட் வாய்பாட்டின்படி, இலக்கு எண்ணை வடிகட்டல் வீதத்துடன் 25ஐக் கூட்டிவரும் தொகையால் பெருக்கிப் பெறப்படுகிறது. இலக்கு 5 எனவும் வீதம் 80 எனவும் கொண்டால் 525 மி.கி.; வீதம் உண்மையில் 50 எனில் 375 மி.கி. மட்டுமே. கூடுதலாகச் செல்லும் 150 மி.கி. எலும்பு மச்சையைத் தாக்கிக் குருதியணுக்களைக் குறைக்கக்கூடும்.

எதிர்மாறான பிழையும் உண்டு. தீக்காயம், விபத்துக் காயம், குருதிநச்சு ஆகியவற்றுக்கு ஆளான இளம் வயதினர் சிலரிடம் வடிகட்டல் வீதம் 130 மி.லி./நிமிடத்திற்கும் மேலே உயர்கிறது. இது மிகை வெளியேற்ற நிலை எனப்படும். வழக்கமான அளவில் தரப்படும் நுண்ணுயிர்க்கொல்லி இவர்களின் உடலிலிருந்து விரைவில் நீங்கிவிடுவதால் தொற்று அடங்காது. கிரியேட்டினின் இயல்பாக இருப்பதால் இந்நிலை கவனிக்கப்படாமல் போகலாம். சிறுநீர் வெளியேற்ற அளவீடே இதனை வெளிக்கொணரும் எளிய வழி.

இந்திய உடலமைப்பும் வாய்பாடுகளும்

பெரும்பாலான வாய்பாடுகள் அமெரிக்க, ஐரோப்பிய மக்களிடம் உருவாக்கப்பட்டவை. தெற்காசிய மக்களிடம் தசையின் அளவும் புலால் உணவும் ஒப்பீட்டளவில் குறைவு. எனவே அதே கிரியேட்டினின் அளவுக்கு உண்மையான வடிகட்டல் குறைவாக இருக்கலாம். சண்டிகரில் உள்ள முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தினர் நலமான வட இந்தியரிடம் இனுலின் முறையில் அளந்து ஒப்பிட்டபோது, வாய்பாடுகள் போதிய துல்லியம் தரவில்லை எனக் கண்டனர். பாக்கித்தானில் உருவாக்கப்பட்ட திருத்தம் ஒன்றின்படி, சி.கே.டி.-எப்பி 90 எனக் காட்டும் இடத்தில் ஏறத்தாழ 80 எனக் கொள்ள வேண்டும். இத்திருத்தங்களும் நலமானோருக்கோ நிலையான நோயாளருக்கோ உரியவையே. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு இவற்றை அப்படியே பொருத்த இயலாது.

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிச் சூழல்

கும்மிடிப்பூண்டி சென்னைக்கு வடக்கே ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்துள்ளது. இங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் உருக்காலைகள், ரோலிங் மில்கள், வார்ப்பாலைகள் முதலியன இயங்குகின்றன. பிற மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் பெருமளவில் பணிபுரிகின்றனர். தொழிற்பேட்டையைச் சுற்றி நெல் வயல்களும் ஏரிகளும் உள்ளன. கிழக்கே பழவேற்காடு ஏரி உள்ளது.

இப்பகுதியில் சிறுநீரகத்தைத் திடீரெனத் தாக்கக்கூடிய காரணங்கள் பலவகை. உலை அருகே வெப்பத்தில் உழைப்போரிடம் நீர் வற்றலும் வெப்பத் தாக்கமும் ஏற்படலாம். மின்தாக்குதல், நசுங்கல் போன்ற விபத்துகளில் தசை சிதைந்து அதன் மயோகுளோபின் நுண்குழாய்களை அடைக்கும். இத்தகையோரிடம் கிரியேட்டினின் வழக்கத்தைவிட விரைவாக உயர்வதுண்டு. வயல்வெளிகளில் கண்ணாடி விரியன் கடி திடீர்ச் சிறுநீரகப் பாதிப்புக்குத் தென்னிந்தியாவில் நன்கறியப்பட்ட காரணமாகும். திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டங்களில் வாழும் இருளர் சமூகத்தார் பாம்பு பிடிப்பதில் தேர்ந்தவர்கள். 1978இல் தொடங்கப்பட்ட அவர்களின் கூட்டுறவுச் சங்கம் நச்சுமுறி மருந்து தயாரிப்புக்கு நஞ்சு வழங்கி வந்துள்ளது. மழைக்காலத்தில் எலிக்காய்ச்சலும் சிறுநீரகத்தைப் பாதிக்கிறது.

வெப்பத்தில் உழைப்போரின் சிறுநீரகம் பற்றிச் சென்னை போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர் ஆய்வுகள் செய்துள்ளனர். தென்னிந்திய உருக்காலைத் தொழிலாளரிடமும் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளரிடமும் வெப்பத்திற்கும் குறைந்த சிறுநீரகச் செயற்பாட்டிற்கும் உள்ள தொடர்பை இவை சுட்டின. பணியிடத்தில் கழிப்பறை இல்லாமையால் பெண்கள் நீர் அருந்துவதைத் தவிர்ப்பதும் இத்தகைய ஆய்வுகளில் சுட்டப்பட்ட காரணமாகும்.

முன்னைய அளவு அறியாமை

மேற்கூறிய படிநிலைகள் அனைத்தும் நோய்க்கு முந்தைய கிரியேட்டினின் அளவைச் சார்ந்தவை. புலம்பெயர்ந்து வந்த தொழிலாளியிடமோ, ஒருபோதும் குருதிச் சோதனை செய்துகொள்ளாத விவசாயத் தொழிலாளியிடமோ அந்த அளவு கிடைப்பதில்லை. அத்தகைய இடங்களில் வடிகட்டல் வீதம் 75 ஆக இருந்திருக்கும் எனக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிடும் வழக்கம் உள்ளது. இதன்படி 25 வயதை ஒட்டிய ஆணுக்கு முந்தைய அளவு ஏறத்தாழ 1.2 மி.கி./டெ.லி. எனக் கிடைக்கும்.

45 கிலோகிராம் எடையுள்ள மெலிந்த இளைஞரின் உண்மையான அளவு 0.7 ஆக இருக்கக்கூடும். அவர் 1.2 என்ற அளவுடன் மருத்துவமனைக்கு வந்தால் கணக்கின்படி பாதிப்பே இல்லை; உண்மையிலோ அளவு 1.7 மடங்காகி, படிநிலை 1 தொடங்கிவிட்டது. வலிநீக்கி ஊசிகளும் சிறுநீரகத்திற்குக் கேடான நுண்ணுயிர்க்கொல்லிகளும் தவிர்க்கப்பட வேண்டிய நேரம் அதுவே. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் சோதனையை மீண்டும் செய்து ஏற்றத்தைக் காண்பதும், சிறுநீர் அளவை மணிக்கணக்கில் குறிப்பதும் இக்குறையை ஓரளவு ஈடுசெய்யும். பணியில் சேரும்போது செய்யப்படும் மருத்துவச் சோதனையின் முடிவைத் தொழிலாளியிடமே ஒரு படி கொடுத்து வைத்தால், பின்னாளில் அதுவே முன்னைய அளவாக உதவும்.

மருத்துவ வசதிகள்

இப்பகுதியின் கடும் நோயாளிகள் நெடுங்காலமாகச் சென்னையிலுள்ள இராசீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, அரசு ஸ்டான்லி மருத்துவமனை ஆகியவற்றுக்கு அனுப்பப்பட்டு வருகின்றனர். திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரி 12 அன்று தமிழ்நாட்டின் வேறு பத்துப் புதிய கல்லூரிகளுடன் திறந்துவைக்கப்பட்டது. நோயாளியை மாற்றும்போது கடைசி கிரியேட்டினின் எண்ணை மட்டும் எழுதி அனுப்பினால் மாற்றத்தின் வேகம் தெரியாது. ஒவ்வொரு அளவீட்டின் நேரம், அளக்கப்பட்ட முறை, செலுத்திய நீர்மத்தின் அளவு, கழிந்த சிறுநீரின் அளவு ஆகியவற்றையும் குறித்தனுப்புவது பெறும் மருத்துவமனைக்குப் பேருதவியாகும்.

தமிழ்நாட்டில் சமூக நிலைச் சோதனைகள்

சென்னையைச் சேர்ந்த சிறுநீரகவியல் மருத்துவர் எம். கே. மணி, கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை மூலம் சென்னையை அடுத்த கிராமங்களில் நோய்த்தடுப்புத் திட்டமொன்றை நடத்தினார். உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சியளித்து, வீடு வீடாகச் சென்று குருதி அழுத்தம் பார்க்கவும், சிறுநீரில் புரதம், சர்க்கரை ஆகியவற்றைச் சோதிக்கவும் செய்தார். விலை குறைந்த வேதிப்பொருட்களும் மருந்துகளுமே இதில் பயன்படுத்தப்பட்டன. சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்த பின் சிகிச்சையளிப்பதைவிட இது மிகக் குறைந்த செலவுடையது என்பதை அவர் ஆய்விதழ்களில் எடுத்துக்காட்டினார்.

தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளரிடம் நடத்தப்பட்டு 2025இல் வெளியான ஆய்வொன்று, நாட்பட்ட சிறுநீரக நோய் கண்டோரில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு நீரிழிவு, உயர் குருதி அழுத்தம் முதலிய வழக்கமான காரணங்கள் இல்லை எனத் தெரிவித்தது. நாட்பட்ட நோய் என்று கூற, குறைந்த செயற்பாடு மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்க வேண்டும். கோடை வெயிலில் உழைத்த அன்று எடுத்த ஒரே சோதனை, தற்காலிக நீர் வற்றலை நாட்பட்ட நோயாகக் காட்டிவிடக்கூடும். அதேபோல் கடும் நோயிலிருந்து மீண்டவருக்கு மூன்று மாதங்களின் பின் மறுசோதனை தேவை. நோயின்போது தசை கரைந்திருப்பதால், வீடு திரும்பும் நாளில் கிரியேட்டினின் இயல்பாகத் தோன்றினாலும் சிறுநீரகம் முழுமையாக மீண்டுவிட்டதாகப் பொருள் இல்லை.

இவற்றையும் பார்க்க

- சிறுநீரகம்
- கிரியேட்டினின்
- குருதிச் சுத்திகரிப்பு
- நாட்பட்ட சிறுநீரக நோய்
- கண்ணாடி விரியன்
- திருவள்ளூர் மாவட்டம்
- கும்மிடிப்பூண்டி